பழைய கொப்பராக் கொப்பியில் 2–2–0–18: இதைக் கிலோவுக்கு மாற்றுவது எப்படி?

தென்னந்தோப்பு (களுவாஞ்சிக்குடி)

வணக்கம். அம்மப்பாவின் தென்னங்காணிக் கணக்குக் கொப்பி ஒன்று பழைய பெட்டியிலிருந்து கிடைத்திருக்கிறது. முழுவதும் கொப்பரா விற்ற கணக்கு. 1978 நவம்பர் 23 சூறாவளி எங்கள் தோப்பைப் படுக்க வைத்துவிட்டது. அதற்கு முன் இந்தப் பத்து ஏக்கர் என்ன கொடுத்தது, பிறகு நட்ட மரங்கள் என்ன கொடுக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.

சிக்கல் என்னவென்றால், பக்கங்களின் மேல் ஓரத்தைக் கறையான் தின்றுவிட்டது. தலைப்பு வரியே இல்லை. ஒவ்வொரு வரியிலும் நான்கு எண்கள் கோடு போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. உதாரணம்: 2–2–0–18. அதன் பக்கத்தில் 240/- என்றும் கடைசியில் 583.71 என்றும் இருக்கிறது. நான்கு எண்களில் கடைசியானது இறாத்தல் (பவுண்ட் நிறை) என்று அம்மா சொல்கிறார். முதல் எண் தொன்னாக இருக்கும் என்று மாமா சொல்கிறார். எல்லாவற்றையும் கிலோவாக்க வேண்டும். யாராவது உதவ முடியுமா?

படுவான்கரை வயல்

இதற்கு ஏன் இவ்வளவு யோசனை? தொன், அந்தர், குவாட்டர், இறாத்தல். அந்தர் என்றால் 50 கிலோ. யூரியா மூடையைத் தூக்கிப் பார்த்தவனுக்குத் தெரியும். 2 தொன் 2 அந்தர் 18 இறாத்தல் என்றால் 2100 கிலோவும் சில்லறையும். அரை மணி நேர வேலை.

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

தம்பி, சற்றுப் பொறுங்கள். தலைப்பு இல்லாத கணக்கில் அலகை ஊகித்துப் பெருக்கத் தொடங்கினால் கொப்பி முழுவதும் பிழைத்துவிடும். ஊகிக்கவும் தேவையில்லை, எண்களே சொல்லிவிடும்.

தங்கச்சி, ஒரு வேலை செய்யுங்கள். எல்லாப் பக்கங்களையும் புரட்டி, ஒவ்வொரு நிரலிலும் வந்திருக்கும் ஆகப் பெரிய எண் எது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது நிரலில் எது, மூன்றாவதில் எது, நான்காவதில் எது. அதைச் சொன்னால் மீதியை நான் சொல்கிறேன்.

தென்னந்தோப்பு (களுவாஞ்சிக்குடி)

பார்த்துவிட்டேன் சேர். இரண்டாவது நிரலில் 4க்கு மேல் ஓர் எண்கூட இல்லை. மூன்றாவதில் 3க்கு மேல் இல்லை. நான்காவதில் 27 பல இடங்களில் வருகிறது, 28 எங்கும் இல்லை. முதல் நிரலில் 1 முதல் 6 வரை.

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

அருமை. கடைசியிலிருந்து வருவோம். நான்காவது நிரல் 27 உடன் நிற்கிறது என்றால், 28 ஆனதும் அடுத்த நிரலுக்கு ஒன்று போய்விடுகிறது. 28 இறாத்தல் ஒரு குவாட்டர். மூன்றாவது நிரல் 3 உடன் நிற்கிறது. 4 குவாட்டர் ஓர் அந்தர். ஆக ஓர் அந்தர் 112 இறாத்தல். இதுவரை உங்கள் அம்மாவும் படுவான்கரைத் தம்பியும் சொன்ன அலகுகள் சரி.

இனி இரண்டாவது நிரல். 20 அந்தர் ஒரு தொன். முதல் நிரல் தொன் என்றால் இரண்டாவது நிரலில் 7, 13, 19 எல்லாம் வந்திருக்க வேண்டும். அத்தனை பக்கங்களிலும் 4ஐத் தாண்டவில்லை. அப்படியானால் 5 அந்தர் சேர்ந்ததும் மேலே போகும் ஓர் அலகு அது. கொப்பராக் கணக்கில் அப்படி ஓர் அலகு உண்டு: கண்டி. இலங்கையில் கொப்பராக் கண்டி என்பது 560 இறாத்தல், அதாவது சரியாக 5 அந்தர்.

ஆகவே 2–2–0–18 என்பது 2 கண்டி, 2 அந்தர், 0 குவாட்டர், 18 இறாத்தல். இறாத்தலாக்கினால்:

1120 + 224 + 0 + 18 = 1362 இறாத்தல்.

ஓர் இறாத்தல் 0.45359237 கிலோ. விடை 617.79 கிலோ.

தொன் என்று எடுத்திருந்தால் 4722 இறாத்தல், 2141.86 கிலோ வந்திருக்கும். மூன்றரை மடங்கு! சூறாவளிக்கு முந்திய தோப்பைப் பற்றி ஒரு கற்பனைக் கதையே எழுதியிருப்பீர்கள்.

மாங்காட்டுப் பெடியன்

சேர் சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் 4ஐத் தாண்டாதது தற்செயலாக இருக்க முடியாதா? சிறிய தோப்பு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக விற்றிருப்பார்கள்.

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

நல்ல கேள்வி. பணத்தைக் கேட்போம். வரியின் நடுவில் 240/- என்று இருக்கிறதே, அது ஒரு கண்டியின் விலை என்று வைத்துக்கொள்ளுங்கள். 1362ஐ 560ஆல் வகுத்து 240ஆல் பெருக்குங்கள். 583 ரூபாய் 71 சதம். கொப்பியில் இருக்கும் தொகை சதம் பிசகாமல் வருகிறது.

முதல் நிரல் தொன், விலையும் தொன்னுக்கு என்று எடுத்தால் 505 ரூபாய் 93 சதம். ஒத்துவரவில்லை. இன்னும் நான்கைந்து வரிகளுக்கு இப்படியே போட்டுப் பாருங்கள்.

தென்னந்தோப்பு (களுவாஞ்சிக்குடி)

போட்டுப் பார்த்தேன், எல்லாம் சரியாக வருகிறது. மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

கொப்பிக்குள் மடித்து வைத்திருந்த ஒரு துண்டுச் சீட்டும் அகப்பட்டது. அதே திகதி. அதில் 12–1–10 என்றும், கீழே "சாக்கு 20" என்றும் எழுதியிருக்கிறது. இதற்கும் 2–2–0–18 க்கும் ஏதாவது தொடர்பு இருக்குமா?

இரும்புப்படி (காத்தான்குடி)

தொடர்பு இருக்கிறது தங்கச்சி. அது நிறுத்த இடத்தில் கொடுத்த துண்டு. எங்கள் வாப்பா தராசு பழுதுபார்த்தவர், இப்படியான துண்டுகளைச் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். தராசில் நின்றவன் கண்டிக்கணக்குப் பார்க்க மாட்டான். அந்தர், குவாட்டர், இறாத்தல் மூன்றையும் எழுதிக் கொடுத்துவிடுவான். கண்டியாக்குவது கணக்கப்பிள்ளையின் வேலை.

12 அந்தர் 1 குவாட்டர் 10 இறாத்தல், சாக்கோடு நிறுத்தது. சாக்குக்கு 2 இறாத்தல் வீதம் 10 சாக்கு என்று 20 கழித்திருப்பார்கள். 10இல் 20 போகாது. பக்கத்தில் இருக்கும் 1 குவாட்டரை உடைத்தால் 28 வரும், 10 உடன் சேர்ந்து 38. அதில் 20 போக 18. குவாட்டர் இடத்தில் பூச்சியம். ஆக 12–0–18. 12 அந்தரில் 10ஐ எடுத்து 2 கண்டி, மீதி 2 அந்தர். 2–2–0–18. பார்த்தீர்களா?

அந்தப் படிகள் இன்னும் எங்கள் கடையில் கிடக்கின்றன. 56, 28, 14, 7, 4, 2, 1. எல்லாம் இறாத்தல். 56 என்பது அரை அந்தர். இரும்பு வார்ப்பு, மேலே தூக்குவதற்கு வளையம். கீழே கவிழ்த்தால் ஒரு குழி இருக்கும், அதற்குள் ஈயம் உருக்கி ஊற்றியிருப்பார்கள். படி தேய்ந்து நிறை குறைந்தால் அந்தக் குழியில் ஈயம் சேர்ப்பார்கள், கூடினால் சுரண்டி எடுப்பார்கள். பரிசோதகர் முத்திரை குத்துவதும் அந்த ஈயத்தின் மேல்தான். யாராவது ஈயத்தைச் சுரண்டினால் முத்திரையும் சேர்ந்து போய்விடும். நல்ல மூளை!

இப்போது இவற்றைப் பழைய இரும்பு விலைக்குக் கேட்டு வருகிறார்கள். வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல்: 28 என்று பொறித்த படியை 28 கிலோ என்று நினைத்து உடற்பயிற்சிக்கு எடுத்துப்போகாதீர்கள். அது 12.7 கிலோதான்.

படுவான்கரை வயல்

கண்டி விஷயம் சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்தர் 50 கிலோ என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஏக்கருக்கு ஓர் அந்தர் பசளை என்றால் கடைக்காரர் ஒரு 50 கிலோ மூடையைத்தான் தூக்கித் தருகிறார். மேலே 800 கிராம் கிள்ளிப் போடுகிறாரா?

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

போடமாட்டார், போடவும் வேண்டாம். இன்றைக்கு நீங்கள் கேட்டு வாங்கும் அந்தர் 50 கிலோதான். இந்தக் கொப்பியின் அந்தர் 50.802 கிலோ. இரண்டும் வேறு வேறு. இதில் சண்டை இல்லை.

ஆனால் தங்கச்சி கவனிக்க வேண்டிய ஓர் இடம் இங்கேதான் இருக்கிறது. மெட்ரிக் முறை வந்தபோது வியாபாரம் பழைய பெயர்களைக் கைவிடவில்லை, எண்ணை மட்டும் வெட்டிச் சீராக்கிக்கொண்டது. 50.802 கிலோ அந்தர் 50 ஆனது. 254.01 கிலோ கண்டி 250 ஆனது. 1016.05 கிலோ தொன் 1000 ஆனது. மூன்றிலும் ஒரே விகிதம், 1.6 வீதம் குறைவு. உங்களிடம் சூறாவளிக்குப் பிந்திய கொப்பிகளும் இருக்கின்றனவா? அவற்றிலும் கண்டி என்றே எழுதியிருந்தால், அது எந்தக் கண்டி என்று பார்க்காமல் இரண்டையும் ஒரே வரைபில் போடாதீர்கள்.

தென்னந்தோப்பு (களுவாஞ்சிக்குடி)

இருக்கின்றன சேர். மாமா எழுதிய பிந்திய கொப்பிகளில் "7 கண்டி 115 கிலோ" என்ற மாதிரி இருக்கிறது.

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

கிலோ பக்கத்தில் வந்துவிட்டால் 250 கிலோக் கண்டிதான். 7 × 250 + 115 = 1865 கிலோ. அங்கே குவாட்டரும் இல்லை, தலைவலியும் இல்லை.

ஓட்டமாவடி நிரலி

கணினியில் ஏற்றுபவர்களுக்கு. 2–2–0–18ஐ ஒரே கட்டத்தில் தட்டாதீர்கள். துண்டுச் சீட்டில் இருப்பதுபோல மூன்று எண்களை விரிதாளில் 3-2-17 என்று தட்டினால் அது 2017ஆம் ஆண்டின் ஒரு திகதியாக மாறிவிடும், பிறகு மீட்க முடியாது. நான்கு எண்களுக்கும் நான்கு நிரல் போடுங்கள். ஐந்தாவது நிரலில் இந்தச் சூத்திரம்:

((கண்டி × 5 + அந்தர்) × 4 + குவாட்டர்) × 28 + இறாத்தல்

உள்ளிருந்து வெளியே போக வேண்டும். மேலே உள்ள வரிக்கு: 2 × 5 + 2 = 12, 12 × 4 + 0 = 48, 48 × 28 + 18 = 1362. சரிதானே? கிலோவாக்குவதை வரிக்கு வரி செய்ய வேண்டாம். வருடம் முழுவதையும் இறாத்தலில் கூட்டிவிட்டு ஒரே தடவை 0.45359237ஆல் பெருக்கினால் சில்லறை வெட்டும் பிழைகள் சேராது.

பாதியாக்கிப் பத்திலொன்று கழிக்கும் குறுக்குவழியை இதற்குப் பயன்படுத்தவும் வேண்டாம். 1362இன் பாதி 681, அதில் 68.1 போக 612.9. ஏறத்தாழ 5 கிலோ தவறிவிடுகிறது. சந்தையில் நின்றுகொண்டு கணக்குப் பார்க்க அது போதும்.

துல்லியன்

ஒரு சிறு திருத்தம். 0.45359237 என்பது 1959இல் அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாபிரிக்கா ஆகிய நாடுகள் ஒத்துக்கொண்ட எண். இலங்கை அந்த உடன்பாட்டில் இல்லை. அதற்கு முன் பிரித்தானியாவில் 1898ஆம் ஆண்டின் 0.45359243 இருந்தது. கொப்பி எந்தக் காலத்தது என்பதைப் பொறுத்து எதைப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்க வேண்டாமா?

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

வேண்டாம். ஒரு கண்டிக்கு வரும் வித்தியாசம் 0.03 கிராம். சாக்கில் ஒட்டிய தூசி அதைவிடக் கூடுதலாக இருக்கும்.

லவ் கேக் வீடு (மட்டக்களப்பு நகர்)

அந்தர், கண்டி எல்லாம் எனக்கு வேண்டாம், எனக்கு அவுன்ஸ் வேண்டும். மாமியாரின் லவ் கேக் குறிப்பில் ரவை 8 அவுன்ஸ், பட்டர் 8 அவுன்ஸ், கஜு ஓர் இறாத்தல் என்று இருக்கிறது. கஜுவுக்கு நம் ஊரில் குறைவில்லை. ஓர் அவுன்ஸுக்கு 30 கிராம் எடுத்தால் போதுமா?

ஓட்டமாவடி நிரலி

போதாது அக்கா, கூடிவிடும். 16 அவுன்ஸ் ஓர் இறாத்தல், ஓர் அவுன்ஸ் 28.35 கிராம். 8 அவுன்ஸ் 227 கிராம். கடையில் வாங்கும் பட்டர் கட்டியில் 227 கிராம் என்று விநோதமான எண் அச்சிட்டிருப்பார்களே, அது உங்கள் மாமியாரின் அரை இறாத்தல்தான். அதை அப்படியே போடுங்கள். அவுன்ஸுக்கு 30 கிராம் எடுத்தால் ஓர் இறாத்தல் கஜு 454க்குப் பதில் 480 கிராம் ஆகிவிடும், விலையையும் யோசியுங்கள். ஆனால் பன்னீர், தேன் எதற்காவது அவுன்ஸ் போட்டிருந்தால் அது திரவ அவுன்ஸ், கனவளவு. அதைத் தராசில் வைக்காதீர்கள். ஒரு திரவ அவுன்ஸ் 28.4 மில்லிலீற்றர், தண்ணீராக இருந்தால் மட்டும் நிறையும் ஏறத்தாழ அதே எண். தேன் கனமானது.

குடும்பநல அலுவலர் (அக்கரைப்பற்று)

அவுன்ஸ் என்றதும் எனக்கு ஞாபகம் வருகிறது. வெளிநாட்டில் பிறந்த பேரப்பிள்ளையின் நிறையைத் தொலைபேசியில் கேட்டு வந்து "7.8 இறாத்தல்" என்று எழுதித் தருவார்கள். கேட்டால் அது 7 இறாத்தல் 8 அவுன்ஸாக இருக்கும். 7 இறாத்தல் 8 அவுன்ஸ் என்பது ஏழரை இறாத்தல், 3.40 கிலோ. 7.8 இறாத்தல் என்பது 3.54 கிலோ. பிறந்த குழந்தைக்கு 140 கிராம் சின்ன விஷயம் அல்ல. குறைந்த பிறப்பு நிறை என்று நாங்கள் எடுப்பது 2.5 கிலோவுக்குக் கீழே, அது ஐந்தரை இறாத்தல். அதாவது 5 இறாத்தல் 8 அவுன்ஸ். இதையும் 5.8 என்று எழுதிவிட்டால் எல்லைக்கோட்டில் நிற்கும் பிள்ளை 2.63 கிலோவாகத் தப்பிவிடும். புள்ளி போடாதீர்கள், இரண்டு சொல்லாக எழுதுங்கள்.

தேம்ஸ் கரை (லண்டன், ஊர் கல்லாறு)

இங்கே ஆட்களின் நிறைக்கு இன்னும் ஸ்டோன் என்றுதான் சொல்கிறார்கள். ஒரு ஸ்டோன் 14 இறாத்தல். 11 ஸ்டோன் 4 இறாத்தல் என்றால் 158 இறாத்தல், 71.7 கிலோ. மேலே அக்கா சொன்ன அதே புள்ளிப் பிழையை இங்கேயும் செய்கிறார்கள்.

வயல்வெளி (சம்மாந்துறை)

புசலையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடலாமா? எங்கள் பக்கம் பழைய ஆட்களின் நெல்லுக் கணக்கெல்லாம் புசல்தான்.

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

சேர்க்கலாம், கவனமாக. புசல் முகத்தலளவை, நிறையல்ல. நெல்லுக்கு மட்டும் ஒரு புசல் 46 இறாத்தல், 20.86 கிலோ என்று வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள். அரிசிக்கு, உழுந்துக்கு அதே எண்ணைப் போட முடியாது. ஈரமான நெல்லுக்கும் அது பொருந்தாது.

மாங்காட்டுப் பெடியன்

அப்படியே தங்கத்தையும் கேட்டுவிடுகிறேன். உலகச் சந்தையில் சொல்லும் அவுன்ஸும் இந்த 28.35தானா?

இரும்புப்படி (காத்தான்குடி)

அது வேறு தம்பி. தங்கத்துக்கு ட்ரோய் அவுன்ஸ், 31.10 கிராம். நம் கடைகளில் பவுன் 8 கிராம், ஆக ஒரு ட்ரோய் அவுன்ஸ் நாலு பவுனுக்குச் சற்றுக் குறைவு. 28.35ஐப் போட்டுக் கிராம் விலை பிரித்தால் உண்மையைவிட ஏறத்தாழப் பத்து வீதம் கூடிவிடும். பிறகு நகைக்கடைக்காரருடன் வீணாகச் சண்டை பிடிப்பீர்கள்.

படுவான்கரை வயல்

தொன்னிலும் இரண்டு வகை உண்டாம், உண்மையா? இங்கினியாகலை அணைக்கட்டு வேலைக்கு அமெரிக்கர்கள் வந்தபோது அவர்களின் தொன் வேறு என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

உண்மை. இங்கினியாகலையில் உள்ள அந்தக் கல்லோயா அணையைக் கட்டியது மொரிசன் நுட்சன் என்ற அமெரிக்க நிறுவனம். அமெரிக்காவில் தொன் 2000 இறாத்தல், 907 கிலோ. அவர்களின் அந்தர் 100 இறாத்தல். நமக்கு வந்தது பிரித்தானிய முறை, 2240 இறாத்தல். பழைய இயந்திரத்தில் தொன் என்று பொறித்திருந்தால் எந்த நாட்டில் செய்தது என்று பார்த்துவிட்டுப் பெருக்குங்கள்.

தென்னந்தோப்பு (களுவாஞ்சிக்குடி)

எல்லோருக்கும் நன்றி. சூறாவளிக்கு முந்திய ஒரு முழு வருடத்தை ஏற்றி முடித்துவிட்டேன். கூட்டுத்தொகை 31–3–2–9. சூத்திரத்தில் போட்டால் 17,761 இறாத்தல், 8056.25 கிலோ. இன்றைய 250 கிலோக் கண்டியில் 32.2 கண்டி. பழைய கண்டியில் 31.7. இது நம்பக்கூடிய எண்ணா என்று எப்படிப் பார்ப்பது?

பழைய கரும்பலகை (மட்டக்களப்பு நகர்)

மரத்தைக் கேளுங்கள். ஒரு கண்டிக் கொப்பராவுக்குச் சுமார் 1200 தேங்காய் பிடிக்கும். 31.7 கண்டிக்கு 38,000 காய். ஏக்கருக்கு 64 மரம் என்றால் பத்து ஏக்கருக்கு 640 மரம். மரத்துக்கு வருடம் 60 காய் வரை வருகிறது. நன்றாகப் பார்த்த தோப்புக்குப் பொருந்துகிற எண். மாமா சொன்னபடி தொன் என்று வைத்திருந்தால் மரத்துக்கு 200 காய்க்கு மேல் காய்த்திருக்க வேண்டும்.

கிலோவை 8056 என்று எழுதினால் போதும், அந்தப் புள்ளி 25ஐ விட்டுவிடுங்கள். இறாத்தலுக்குக் கீழே நிறுக்காத தராசு அது.

இரும்புப்படி (காத்தான்குடி)

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் தங்கச்சி. துண்டுச் சீட்டு உள்ள வரிகளுக்குச் சாக்குக் கழித்தது தெரிகிறது. சீட்டு இல்லாத வரிகளில் கழித்துவிட்டு எழுதினார்களா, சாக்கோடு எழுதினார்களா என்று பணத்தை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது, இரண்டுக்கும் விலை ஒத்துவரும். கொப்பியின் கடைசிப் பக்கங்களில் சாக்குக் கணக்குத் தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். சாக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதால் அதைப் பெரும்பாலும் எழுதி வைப்பார்கள்.

தென்னந்தோப்பு (களுவாஞ்சிக்குடி)

பின்னட்டையின் உட்புறத்தில் இருக்கிறது நானா! "கொடுத்த சாக்கு, வந்த சாக்கு" என்று இரண்டு நிரல். திகதியும் போட்டிருக்கிறார். நாளைக்கு அதையும் ஏற்றிவிட்டு, சாக்கு எண்ணிக்கை உள்ள வரிகளை மட்டும் வேறு தாளில் இடுகிறேன்.